விழும் இயந்திரமும் சுடட்டும்

மேசைமேல் அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம். அதன்மேல் கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு பொம்மைகள். ஒன்று 50 டன் எடை கொண்ட 'ஹன்ச்பேக்', மற்றது 80 டன் 'ஆசம்'. நடுவில் ஐந்து கட்டம் தூரம். ஹன்ச்பேக்கை ஓட்டுபவர் இரண்டு பகடைகளை உருட்டுகிறார். குண்டு பட்டுவிட்டது. எங்கே பட்டது என்று பார்க்க மறுபடி உருட்டுகிறார். ஆறும் ஆறும் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் தலை. தலைக்கு அதிகபட்சக் கவசம் 9 புள்ளி, அதற்குள் எலும்புக்கூடு 3 புள்ளி. வந்து விழுந்த குண்டோ 20 புள்ளி. முப்பத்தாறு தடவை உருட்டினால் ஒரு தடவை விழக்கூடிய எண், அன்று விழுந்துவிட்டது. 80 டன் இயந்திரமும் அதற்குள் இருந்த பைலட்டும் போய்விட்டார்கள்.

எதிரே இருப்பவரின் முகம் வாடுகிறது. ஆனால் அவர் பொம்மையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சுற்றில் தன் மூன்று துகள் பீரங்கிகளையும் சுடப்போவதாக அவர் முன்பே அறிவித்திருந்தார். இப்போது பகடை அவர் கைக்கு வருகிறது. மூன்று தடவை உருட்டுகிறார், இரண்டு குண்டு படுகிறது. ஹன்ச்பேக்கின் கவசத்தில் இருபது புள்ளி உரிந்துபோகிறது. அதற்குப் பிறகுதான் ஆசம் சாய்கிறது.

பேட்டில்டெக் என்ற ஆட்டத்தின் விதி இது. ஒரு சுற்றில் நடக்கும் சூடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கு. சேதத்தின் விளைவு எல்லோரும் சுட்டு முடித்த பிறகே நடைமுறைக்கு வரும். பகடையை யார் முதலில் கையில் எடுத்தார் என்பதால் யாருக்கும் ஆதாயம் கிடையாது. சாகப்போகிறவரும் தன் சூட்டை முடித்துவிட்டே சாவார். இணையத்தில் மனிதரும் மனிதரும் மோதும் மெக்கா ஆட்டங்களுக்கு விதி எழுத உட்காருகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய விதி இதுவே. ஏனென்றால் இது தோற்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டது. விதி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜெயிப்பவரை நினைத்து எழுதுகிறார்கள்: எத்தனை புள்ளி, என்ன பட்டம், என்ன பரிசு. ஜெயித்தவர் எப்படியும் மறுநாள் வருவார். தோற்றவர் வருவாரா என்பதை விதிதான் தீர்மானிக்கிறது. அவர் வராமல் போனால் சில மாதங்களில் ஆட்டமே காலியாகிவிடும்.

மெக்கா என்றால் மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரம். கால், கை, தோளில் பீரங்கி. ஜப்பானின் கார்ட்டூன் படங்களில் வளர்ந்த கற்பனை அது. 1984இல் சிகாகோவின் ஃபாசா நிறுவனம் அதை எடுத்துப் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் மேசை ஆட்டமாக்கியது. 'டிராய்ட்' என்ற சொல் தங்களுடையது என்று ஸ்டார் வார்ஸ் தரப்பு உரிமை கோர, மறு ஆண்டே பெயர் பேட்டில்டெக் என்று மாறியது. 1986இல் அதே உலகத்துக்கு மெக்வாரியர் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் வந்தது. இயந்திரத்தை நகர்த்தியவர்கள் இப்போது அதற்குள் இருக்கும் மனிதனாகவும் ஆனார்கள். அவனுக்குப் பெயர், குடும்பம், கடன், பகை எல்லாம் உண்டு. தோல்வியின் எடை கூடியது இங்கேதான். சதுரங்கத்தில் குதிரை வெட்டுப்பட்டால் வெட்டுப்படுவது குதிரை. இங்கே வெட்டுப்படுவது ஒருவர் இரண்டு வருடமாக எழுதி வளர்த்த ஆள்.

1990களின் தொடக்கத்தில் இந்த உலகம் தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்கு வந்தது. ஜீனி என்ற அமெரிக்க இணைய சேவையில் கெஸ்மாய் நிறுவனம் நடத்திய ஆட்டத்தில், ஐந்து அரச குலங்களில் ஒன்றில் சேர்ந்து ஊர் பேர் தெரியாதவரோடு மோதலாம். அதே காலத்தில் பல்கலைக்கழகக் கணினிகளில் வெறும் எழுத்தால் ஆன பேட்டில்டெக் உலகங்களும் பிறந்தன. மியூஸ், மக்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். படம் கிடையாது, ஒலி கிடையாது. கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும் எழுத்து மட்டும்.

அந்த எழுத்துப் போரைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பைலட் திசையைப் பாகைக் கணக்கில் தட்டுகிறார், வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தட்டுகிறார். எதிரே ஏதோ இயந்திரம் தென்பட்டதாக ஒரு வரி வருகிறது. அதற்கு இரண்டெழுத்து அடையாளம், தூரம், திசை. அந்த எழுத்தைக் குறியில் பூட்டி, ஆயுதத்தின் எண்ணைத் தட்டிச் சுட வேண்டும். மேசையில் ஒரு கட்டம் 30 மீட்டர், ஒரு சுற்று 10 வினாடி. இங்கே சுற்று என்று எதுவும் இல்லை, கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் பகடைக் கணக்கு உள்ளே அப்படியே இருக்கிறது. சாதாரண பைலட்டின் குறிபார்க்கும் திறன் 4. நடுத்தரத் தூரத்துக்கு 2 கூட்டு. தான் நடந்துகொண்டே சுட்டால் 1. எதிரி ஐந்தாறு கட்டம் நகர்ந்திருந்தால் இன்னும் 2. ஆக 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். முப்பத்தாறில் பத்து தடவை விழும். அதே எதிரியை நின்ற இடத்தில் நின்று, கிட்டத்தில் சுட்டால் 6 போதும். முப்பத்தாறில் இருபத்தாறு.

இந்தக் கூட்டல் இரண்டு தரப்புக்கும் தெரியும். தோற்றவர் இரவு படுத்துக்கொண்டு, "நான் ஏன் தோற்றேன்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நடந்துகொண்டே சுட்டேன், அதனால் தோற்றேன். பதில் கிடைத்தவர் மறுநாள் வருகிறார், நின்று சுடுகிறார். கணக்கு வெளிப்படையாக இருப்பது தோற்றவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

கணினியே கணக்குப் போடும் இடத்தில் இப்படி. கணக்கே இல்லாமல், கதையாக எழுதி மோதிக்கொள்ளும் ஆட்டங்கள் இதைவிடக் கடினமானவை. ஒருவர் தன் தாக்குதலை ஒரு பத்தியில் எழுதுவார். மற்றவர் அதற்குப் பதிலை இன்னொரு பத்தியில் எழுதுவார். அங்கே எல்லாப் பூசலும் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: பட்டதா இல்லையா என்று சொல்லும் உரிமை யாருக்கு? "என் ஏவுகணை உன் காக்பிட்டைப் பிளந்தது" என்று ஒருவர் எழுதிவிட்டால், எதிராளியின் ஆளை அவரைக் கேட்காமலே கொன்றதாகிவிடும். "எது வந்தாலும் என் கவசம் தாங்கும்" என்று மற்றவர் எழுதினால் அது கடவுள் வேடம். ஆட்டக்காரர்கள் இதைக் 'காட்-மோடிங்' என்று சொல்லி வெறுக்கிறார்கள்.

இதற்கு அந்த உலகங்கள் தாங்களே கண்டுபிடித்த வழி அழகானது. முயற்சியை மட்டும் எழுது, முடிவை எழுதாதே. ஏவுகணையை ஏவினேன், இடது தோளைக் குறிவைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டதா என்பதை அடி வாங்குகிறவர் எழுதுவார். மேலோட்டமாகப் பார்த்தால் இது அப்பாவித்தனமான விதி. அடி வாங்க யார் சம்மதிப்பார்கள் என்று தோன்றும். நடைமுறையில் நல்ல எழுத்தாளர்கள் சம்மதிக்கிறார்கள். அடி வாங்கிய காட்சிதான் எழுத ருசியானது. கவசம் கிழிந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வலது கை இயங்காமல் போய், ஒற்றைக் கையோடு பின்வாங்கும் காட்சியை எழுத யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? தோல்வியை எழுதும் பேனா தோற்றவர் கையிலேயே இருக்கிறது. அதனால் அவர் அந்த இடத்தைவிட்டுப் போவதில்லை. முரண்டு பிடிப்பவர்களுக்கு ஒரு நடுவர் வேண்டும். பதில் எழுத ஒரு காலக்கெடுவும் வேண்டும். தோற்கும் நிலையில் மூன்று வாரம் காணாமல் போவது பழைய தந்திரம். கெடு தாண்டினால் அடி பட்டதாகக் கணக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் அந்தத் தந்திரம் செத்துப்போகும்.

ஆள் சாவது பற்றி மட்டும் தனியாக ஒரு விதி வேண்டும். இயந்திரம் அழியலாம், கை கால் போகலாம், சிறைப்படலாம். ஆனால் பாத்திரத்தின் மரணம் அதை எழுதியவரின் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் இருக்கையோடு வெளியே தெறித்துத் தப்பிக்கட்டும். மெக்கா கதைகளில் அதற்கென்றே அந்த விசை இருக்கிறது.

சம்மதம் என்ற சொல் எவ்வளவு பெரியது என்பதை மெக்கா அல்லாத ஓர் ஆட்டம் கற்றுக்கொண்டது. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் யாரும் யாரையும் எங்கேயும் கொல்லலாம். புதிதாக வந்தவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் பிணமானார், பையில் இருந்ததெல்லாம் கொள்ளை போனது. 2000இல் அதன் நிறுவனம் உலகத்தை இரண்டாக்கியது. ஒன்றில் பழைய சட்டம், மற்றதில் சம்மதம் இல்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது. மக்கள் பெருவாரியாக இரண்டாவது உலகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பழையவர்கள் இன்றுவரை அந்த முடிவைத் திட்டுகிறார்கள். காட்டின் பயம் போய்விட்டது என்கிறார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் காட்டில் இரையாக நின்றவர்கள் தங்கள் காலால் வாக்களித்தார்கள், அதை மறுக்க முடியாது.

மறுபடி ஆசமுக்கு வருவோம். அதன் மூன்று துகள் பீரங்கிகளும் தலா 10 வெப்பம் உண்டாக்கும். மூன்றையும் சுட்டால் 30, நடந்தால் இன்னும் 1. வெப்பத்தைத் தணிக்க அதில் 28 ஹீட் சிங்க் இருக்கிறது. ஆக முதல் சுற்றில் 3 மிச்சம். இரண்டாம் சுற்றிலும் மூன்றையும் சுட்டால் மிச்சம் 6. ஐந்தைத் தொட்டதுமே நடை ஒரு கட்டம் குறையும். ஏற்கெனவே சுற்றுக்கு மூன்று கட்டம் நடக்கும் இயந்திரம் அது. ஆகவே மூன்றாம் சுற்றில் பைலட் இரண்டை மட்டும் சுடுவார், சூடு பூச்சியமாகிவிடும். மூன்று, மூன்று, இரண்டு. ஆசம் ஓட்டியவர்களின் விரலில் இந்தத் தாளம் ஊறியிருக்கும். பேராசைப்பட்டுச் சுட்டுக்கொண்டே போனால், 14ஐத் தொட்டதும் இயந்திரம் அணைந்துபோகும் ஆபத்து தொடங்கும். 19இல் குண்டுகள் தாமாக வெடிக்கும் ஆபத்து சேரும். 30இல் பகடையே கிடையாது, இயந்திரம் நின்றுவிடும்.

பலம் மிகுந்தவரை எதிராளி வந்து தடுக்கவில்லை, அவருடைய பலமே தடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் தடை போடவில்லை என்பதால் யாருக்கும் மனக்கசப்பும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த ஆட்டம் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்லச் சொன்னால் இந்த வெப்பக் கணக்கைச் சொல்லலாம்.

அதே கணக்கு கணினித் திரைக்குப் போனபோது என்ன ஆனது என்பது தனிக் கதை. கனடாவின் வான்கூவரில் உள்ள பிரானா கேம்ஸ் 2013 செப்டம்பரில் மெக்வாரியர் ஆன்லைனை முழுமையாக வெளியிட்டது. அதற்கு முன்பே சோதனைக் காலத்தில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. மேசையில் பத்து குண்டு பட்டால் பகடை அவற்றைக் கை, கால், மார்பு என்று சிதறவிடும். திரையில் குறி பார்ப்பது மவுஸ். தேர்ந்த கை ஒரே இடத்தில் பத்தையும் இறக்கும். மேசைக் கவசத்தை அப்படியே வைத்தால் இயந்திரங்கள் நொடியில் சரிந்தன. ஆகவே கவசத்தை இரட்டிப்பாக்கினார்கள். இது நேர்மையான திருத்தம். எல்லோருக்கும் ஒரே மாதிரி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி.

அடுத்த திருத்தம் அப்படி அமையவில்லை. ஆறு துகள் பீரங்கிகளை 85 டன் 'ஸ்டாக்கரில்' ஏற்றி, குன்றின் மறைவிலிருந்து தலையை நீட்டி ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சுட்டுவிட்டு மறைவது அப்போதைய வழக்கமாகியிருந்தது. 2013 ஜூலையில் நிறுவனம் ஒரு தண்டனை கொண்டுவந்தது. ஒரே வகை ஆயுதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அரை நொடிக்குள் சுட்டால் கூடுதல் வெப்பம் ஏறும். துகள் பீரங்கிக்கு வரம்பு இரண்டு. பெரிய 20 புள்ளி பீரங்கியில் இரண்டைச் சேர்த்துச் சுட்டாலே தண்டனை. ஆட்டக்காரர்கள் இதற்குப் 'பேய் வெப்பம்' என்று பெயர் வைத்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெப்பம் என்று பொருள். பெயரே குற்றச்சாட்டு. நோக்கம் சரியானதுதான், ஒரே சொடுக்கில் சாவதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் ஆயுதத்தின் விவரத்தில் எழுதியிருக்கும் வெப்பத்தைப் பார்த்துக் கூட்டிய புதியவருக்கு விடை தப்பாக வந்தது. தன் இயந்திரம் ஏன் அணைந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆசம் பைலட்டுக்குக் கிடைத்த "மூன்று, மூன்று, இரண்டு" என்ற தெளிவு அவருக்குக் கிடைக்கவில்லை. விதியைத் திருத்தும் உரிமை நடத்துபவருக்கு உண்டு, அதில் சந்தேகமில்லை. திருத்திய கணக்கைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் கடமையும் அதே அளவுக்கு உண்டு.

எழுதாத விதிகளால் விளையும் மனக்கசப்பு இன்னும் மோசம். 1990களின் பிற்பகுதியில், மெக்வாரியர் என்ற பெயரிலேயே வந்த கணினி ஆட்டங்களின் இணையப் போட்டிகளில் 'லெக்கிங்' என்ற சொல் சண்டைச் சொல்லாக இருந்தது. எதிரியின் காலை மட்டும் குறிவைத்துச் சாய்ப்பது. 1999இல் வந்த மெக்வாரியர் 3இல் இது எளிய வெற்றி. சிலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். சிலர், சுட முடிகிற இடத்தைச் சுடுவதில் என்ன தவறு என்று கேட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வழக்கம். புதியவர் காலைச் சுட்டுவிட்டு, தான் ஏன் வசை வாங்குகிறோம் என்று விழித்தார். இங்கே யார் பக்கம் நியாயம் என்பது இரண்டாம் கேள்வி. கால் சுடலாமா கூடாதா என்று நுழையும்போதே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை இல்லாமல் போயிருக்கும்.

பேட்டில்டெக் தன் கதைக்குள்ளேயே போர் அறத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறது. அதன் கற்பனை வரலாற்றில் 2412ஆம் ஆண்டு ஏரிஸ் ஒப்பந்தம் என்று ஒன்று வருகிறது. பெரிய ஆயுதங்களுக்குத் தடை, ஊர்மக்களுக்குப் பாதுகாப்பு. போரை ஒழுங்குபடுத்திய அந்தச் சட்டமே போரை அன்றாட வியாபாரமாகவும் ஆக்கிவிட்டது என்று கதை சொல்கிறது. பிறகு, நம் காலக் கணக்கில் 1990ஐ ஒட்டி, கிளான் என்ற புதிய தரப்பை ஆட்டத்தில் சேர்த்தார்கள். அவர்கள் தாக்கும் முன் அறைகூவல் விடுப்பார்கள், எதிரி எதைக் கொண்டு காக்கிறான் என்று கேட்பார்கள், பிறகு தங்களுக்குள் ஏலம் போட்டுப் படையைக் குறைத்துக்கொள்வார்கள். களத்தில் ஒருவனுக்கு ஒருவன்தான், மூன்றாமவன் தலையிட்டால் மானக்கேடு. போருக்கு முன்பு பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் காப்பிடம் தேடச் சொல்லி அறிவித்த முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றை அறிந்தவர்களுக்கு இந்த மனநிலை அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் கிளான் அறத்துக்கு ஒரு மறைமுக வேலையும் இருந்தது. அவர்களின் நவீன துகள் பீரங்கி 6 டன் எடையில் 15 புள்ளி அடிக்கும். மற்றவர்களுடைய பழைய பீரங்கி 7 டன் எடையில் 10 அடிக்கும். இந்த ஏற்றத்தாழ்வை மானத்தைக் கொண்டு சமன்செய்யலாம் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கதையில் அது நடந்தது. மேசையில் கிளான் இயந்திரத்தை எடுத்தவர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு மானத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல மனசை நம்பி எழுதும் விதி முதல் கெட்ட நாளிலேயே உடைந்துபோகும். பின்னால் 'பேட்டில் வேல்யூ' என்ற எண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு மதிப்பு, இரு தரப்பின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். அடிப்படை ஆசம் 1605, அடிப்படை ஹன்ச்பேக் 1041. எடையை வைத்துப் பார்த்தால் 80க்கு 50. எண்ணை வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே விகிதம். இந்த இரண்டுக்குப் பொருந்திய விகிதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, அதனால்தான் எண் தேவைப்பட்டது.

ஜப்பானின் 'கண்டம்' (Gundam) என்ற மெக்கா வரிசையின் ஆட்டங்கள் இன்னொரு பாதையில் போயின. 2010இல் விளையாட்டுக்கூடங்களுக்கு வந்த 'எக்ஸ்ட்ரீம் வெர்சஸ்' ஆட்டத்தில் இருவருக்கு இருவர். அணிக்குப் பொதுவாக 6000 புள்ளி. 3000 விலையுள்ள வலிமையான இயந்திரம் ஒரு தடவை விழுந்தால் பாதி போய்விடும். 1000 விலையுள்ள எளிய இயந்திரம் விழுந்தால் 1000 மட்டும். விழுந்தவர் மறுபடி எழுந்து வருவார். வலியவர் கவனமாக ஆட வேண்டும், எளியவர் துணிந்து ஆடலாம். நம்மூர் கபடியில் களத்தில் மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவாக மிஞ்சியிருக்கும்போது ரெய்டரை மடக்கினால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது அல்லவா, அதே புத்தி. ஆள் குறைந்த அணிக்கு ஆட்டத்தில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அது மட்டுமா? அணி முழுக்க அவுட் ஆனால் எதிரணிக்குக் கூடுதல் புள்ளி, தோற்ற ஏழு பேரும் மறுபடி உள்ளே. வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் தண்டனையைக் கபடி நீட்டுவதே இல்லை.

நீண்டகால இணையப் போர்களில் பெரிய ஓட்டை, தோற்றவர் மீண்டு வர வேண்டிய இந்த இடத்தில்தான். ஜெயித்தவர் களத்தில் கிடக்கும் உடைந்த இயந்திரங்களை அள்ளிக்கொள்வார் என்பது பேட்டில்டெக் மரபு. கதைக்கு இனிமையான மரபு. ஆனால் பல மாதம் ஓடும் போரில் முதல் மூன்று சண்டையை ஜெயித்தவர் பணக்காரர் ஆகி, நான்காவதை ஆடும் முன்பே ஜெயித்துவிடுவார். மெக்வாரியர் ஆன்லைனில் 2014 டிசம்பரில் தொடங்கிய கிரகப் போர்களில் வேறொரு விதமான ஏற்றத்தாழ்வு. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நான்கு இயந்திரங்கள் கொண்டுவர முடிந்தது, மொத்தம் 240 டன்வரை. எண்ணிக்கையில் 12க்கு 12, எடையிலும் சமம். ஆனால் ஒரு பக்கம் மாதக்கணக்கில் சேர்ந்து பழகி, காதில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டே ஆடும் பன்னிரண்டு பேர். மறுபக்கம் அன்று இரவு தனித்தனியாக உள்ளே வந்த பன்னிரண்டு பேர். வந்து இறங்கும் இடத்திலேயே சுடப்பட்டு, அடுத்த இயந்திரத்தில் வந்து, மறுபடி இறங்கும் இடத்திலேயே சுடப்படுவது அவர்கள் அனுபவம். டன் கணக்கால் இதை அளக்க முடியாது. தனியாக வருபவரைத் தனியாக வருபவரோடுதான் மோதவிட வேண்டும், அதற்காக வரிசையில் சற்று அதிகம் காத்திருக்க நேர்ந்தாலும் சரி.

நடுவர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தரப்பு எடுத்து ஆடுகிறவர் அதே போருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனில் 2007இல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தான் சேர்ந்திருந்த கூட்டணிக்கு அரிய தயாரிப்பு வரைபடங்களை (புளூபிரின்ட்) முறைகேடாகக் கொடுத்தது வெளியே வந்தது. கொதிப்பு அடங்க, ஊழியர்களைக் கண்காணிக்க உள்ளே ஒரு பிரிவும், 2008இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றமும் அமைக்க வேண்டியிருந்தது. அதே ஆட்டத்துக்கு ஒரு பாராட்டும் சேர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் மோதிச் சர்வர் திணறும்போது, அங்கே காலத்தையே மெதுவாக ஓடவிடுகிறார்கள், இயல்பு வேகத்தில் பத்தில் ஒரு பங்குவரை. 2014 ஜனவரியில் 21 மணி நேரம் நடந்து 75 டைட்டன் கப்பல்களை விழுங்கிய சண்டை அப்படித்தான் ஓடியது. மெதுவாக நகர்வது சலிப்பூட்டும். ஆனால் ஒவ்வொருவரின் கட்டளையும் கணக்கில் சேரும், தோற்றால் சர்வர் திணறலால் தோற்றதாக இராது. பேட்டில்டெக்கின் "எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள்" என்ற விதியின் அதே உணர்வு இது.

இன்னும் ஒரு விதி இருக்கிறது. விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் இருப்பதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. கட்டாயப் பின்வாங்கல் என்று சொல்லலாம். பக்கவாட்டு மார்பு ஒன்று அழிந்துபோன இயந்திரம், அல்லது ஆயுதமெல்லாம் போன இயந்திரம், முடமானதாகக் கருதப்படும். அது தன் பக்கத்து எல்லையை நோக்கித் திரும்ப வேண்டும். கடைசிச் சொட்டுவரை நின்று சாகும் வீரம் கிடையாது. பேட்டில்டெக் உலகில் இயந்திரம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் சொத்து, அதை இழந்த பைலட்டுக்கு 'இழந்தவன்' என்றே பெயர். அப்படிப்பட்ட உலகில் இதுதான் பொருத்தமான நடத்தை. வாரா வாரம் தொடரும் எந்த இணையப் போரிலும் இதைக் கட்டாய விதியாக வைக்க வேண்டும்.

அந்தப் பின்வாங்கல் எப்படி நடக்கிறது என்று மேசையருகே நின்று பார்த்தால் தெரியும். வரைபடம் நீளவாக்கில் 17 கட்டம். இது இன்னொரு நாள் ஆட்டம்: நடுவில் நிற்கும் ஆசமின் இடது மார்பு போய்விட்டது, கூடவே இடது கையும். எல்லைக்கு எட்டுக் கட்டம், சுற்றுக்கு மூன்று கட்டம் நடை. மூன்று சுற்று தாக்குப்பிடிக்க வேண்டும். துரத்தி வரும் ஹன்ச்பேக்காரர் சுடலாம், ஓடுகிறவரும் மிச்சமிருப்பதைச் சுடலாம். தோற்றுக்கொண்டிருப்பவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மரங்கள் அடர்ந்த கட்டத்தைத் தாண்டிப் போகலாமா, சுற்றிப் போகலாமா என்று விரலால் எண்ணிப் பார்க்கிறார். முதல் சுற்றில் ஒரு குண்டு முதுகில் விழுகிறது. இரண்டாவது சுற்றில் எதிரியின் பகடை எட்டில் நிற்கிறது, ஒன்பது வேண்டும். மூன்றாவது சுற்றில் பொம்மை வரைபடத்தின் விளிம்பைத் தாண்டுகிறது. அவர் பென்சிலை எடுத்து, கவச வட்டங்கள் பாதிக்குமேல் அடிக்கப்பட்ட அந்தத் தாளின் மூலையில் பழுதுபார்க்க எத்தனை வாரம் ஆகும் என்று எழுதிக் கோப்பில் செருகுகிறார். பிறகு ஹன்ச்பேக்காரரிடம் அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.